கால்வேலி நிலமும் வாக்குச்சீட்டும்: சென்னையின் மேற்குப் புறநகரில் மக்களாட்சி வந்த வழி

ஆவடி என்றதும் அரசியல் வரலாறு படித்தவர்களுக்கு 1955 ஜனவரி நினைவுக்கு வரும். யு.என்.தேபர் தலைமையில், சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் சூட்டிய திடலில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதே தன் குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது. காமராஜர் முதலமைச்சராகி அப்போது ஓராண்டுகூட நிறையவில்லை. இந்தத் தீர்மானத்தைத் தொழிற்கொள்கையின் வரலாற்றோடு சேர்த்துப் படிப்பதே வழக்கம். அதை வாக்குரிமையின் வரலாற்றோடும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். மூன்றாண்டுகளுக்கு முன்புதான், 1951-52 பொதுத்தேர்தலில், சொத்தும் படிப்பும் பாராமல் 21 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் ஓட்டு கிடைத்திருந்தது. நிலம் உள்ளவர்களே ஊர் என்ற பழைய கணக்கு சட்டப் புத்தகத்தில் தீர்ந்து, தெருவில் தீராமல் கிடந்த காலம் அது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அடங்கிய இந்த நிலப்பரப்பையே சான்றாக வைத்து ஒரு கேள்வியை இங்கே ஆராய்கிறேன். சபை கூடுவது, கணக்குக் கேட்பது, பதவிக்குக் காலவரை வைப்பது ஆகியவை தொண்டைமண்டலத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தவை. அப்படியானால் நவீன மக்களாட்சி புதிதாகக் கொண்டுவந்தது என்ன? ஆளும் உரிமை காணியிலிருந்தும் வரியிலிருந்தும் கழன்று, வெறும் ஆளிடம் வந்து சேர்ந்ததுதான் அந்தப் புதுமை என்பது என் முடிவு. அந்தக் கழற்சி எளிதில் நடக்கவில்லை. இங்கிலாந்திலும் அப்படித்தான், இங்கும் அப்படித்தான்.

குடத்துக்குள் யார் பெயர் இருந்தது?

பூந்தமல்லியிலிருந்து தென்மேற்கே, இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன, அதாவது கி.பி. 919, 921. முதல் ஏற்பாட்டில் குறை கண்டு இரண்டாண்டிலேயே திருத்தி எழுதியிருக்கிறார்கள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்புதோறும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, வாயோலை சேர்த்துக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். சிறியோரும் முதியோரும் கூடியிருக்கும் சபை நடுவே, நம்பிமார் என்னும் பூசகர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காண ஏந்தி நிற்பார். ஒன்றும் அறியாத பாலகன் ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிப்பான். பிறகு அங்குள்ள நம்பிமார் அத்தனை பேரும் அதையே வாசிக்க வேண்டும். விரித்த உள்ளங்கை எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. கையில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதில் அவர்களுக்கு இருந்த கவலை, இன்று வாக்கு எண்ணும் மேசையைச் சுற்றி நிற்கும் முகவர்களின் கவலைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவிக்காலம் 360 நாள். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். பதவியில் இருந்தவரின் உறவையும் கணக்கில் எடுத்துக்கொண்ட இந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

தகுதி விதிகளுக்கு வந்தால் நிலைமை வேறு. வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் ஓதியிருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவரானால் அரைக்கால் வேலி நிலமே போதும் என்று சலுகை உண்டு. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகத் தந்த ஊர். அதன் சபையில் உழுதவர்களின் ஓலை இல்லை, பெண்களின் ஓலை இல்லை. வேளாளர் ஊர்களில் 'ஊர்' என்றே பெயர்பெற்ற அவை இருந்தது. அங்கும் கூடியவர்கள் காணி உடையவர்கள்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசனின் கல்வெட்டு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனியே குறிக்கிறது. சேரியில் இருந்தவர்களின் சொல் அவைக்கு வந்ததாகத் தடயம் இல்லை.

இன்னொரு கல்வெட்டையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்து மானூரில், கி.பி. 800 வாக்கில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில் எழுதிய சபை விதி அது. கூட்டத்தில் வரும் எல்லாவற்றுக்கும் மறுப்புச் சொல்லித் தடை செய்பவர்களுக்கு ஐந்து காசு தண்டம் என்கிறது. சபை நடக்க வேண்டுமே என்ற நடைமுறைத் தேவை அதில் தெரிகிறது. மறுப்பவரின் இடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் பிற்காலத்தது.

ஏதென்ஸ் நகரத்தாரும் சீட்டுக் குலுக்கியே பெரும்பாலான பதவிகளை நிரப்பினார்கள். குலுக்கல் மக்களாட்சிக்கு உரியது, தேர்தல் சிலராட்சிக்கு உரியது என்றே அரிஸ்டாட்டில் கருதினார். அங்கும் பெண்களும் அடிமைகளும் வெளியே நின்றார்கள். ஆகவே குடவோலையைக் காட்டி மக்களாட்சி நமக்குப் பழையது என்பவர்களோடு நான் பாதி வழி வருவேன். கணக்குக் கேட்கும் பண்பு பழையதுதான். சமமான ஆள் என்ற எண்ணம் அந்தக் குடத்தில் இல்லை.

பூந்தமல்லியும் பட்னியும்

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் இடம் கொடுத்தவர் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர். பேச்சுவார்த்தையை நடத்திய அவர் தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்து அதிகாரம் செய்தார். சென்னப்பட்டணம் என்ற பெயர் இவர்களின் தந்தை சென்னப்ப நாயக்கரின் பெயரால் வந்தது. இன்றைக்குப் பட்டணத்தின் ஓரமாக இருக்கும் பூந்தமல்லி, பட்டணம் பிறந்தபோது அதிகாரத்தின் இருக்கையாக இருந்தது.

சென்னையில் கம்பெனியின் கோட்டை எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டது. 1647 இலையுதிர்காலத்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில், பட்னி என்ற ஊரின் தேவாலயத்தில், வென்ற படையின் அதிகாரிகளும் படைவீரர்களின் பிரதிநிதிகளும் கூடி விவாதித்தார்கள். இங்கிலாந்தின் கடைசி ஏழைக்கும் பெரிய செல்வனுக்கு இருப்பதுபோல வாழ ஓர் உயிர் இருக்கிறது, ஆகவே தன் சம்மதம் இல்லாத அரசுக்கு அவன் கட்டுப்பட்டவன் அல்லன் என்றார் கர்னல் ரெயின்ஸ்பரோ. நாட்டில் நிலையான சொத்துப் பற்று உள்ளவனுக்கே வாக்கு என்று மறுத்தார் கிராம்வெல்லின் மருமகன் அயர்ட்டன். கால்வேலி நிலத்தின் குரலும் வெறும் ஆளின் குரலும் நேருக்கு நேர் நின்ற கூட்டம் அது. அயர்ட்டனின் தரப்பே நெடுங்காலம் வென்றது. ஆண், பெண் அனைவருக்கும் ஒரே அளவுகோலில் வாக்கு என்ற நிலையை இங்கிலாந்து 1928இல்தான் எட்டியது.

1687 டிசம்பரில் தேதியிட்ட சாசனத்தின்படி 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியது. யோசனை கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்டுடையது. தாங்களே இடம்பெற்ற அவை விதித்தால் குடிகள் முணுமுணுக்காமல் வரி கட்டுவார்கள் என்பது அவர் கணக்கு. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சனையும் 12 ஆல்டர்மன்களையும் சாசனமே அமர்த்தியது. ஆங்கிலேயர், போர்ச்சுகீசியர், யூதர்களோடு சின்ன வெங்கடாத்ரி, முத்து வீரண்ணா, ஆலங்காத்தப் பிள்ளை ஆகியோரும் அதில் இருந்தார்கள். சாசனத்துக்கு இசைவளித்த மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் அதே 1688 டிசம்பரில் நாட்டை விட்டு ஓடினார். அடுத்த ஆண்டு உரிமைச் சட்டம் நிறைவேறியது. அரசின் அதிகாரம் ஆளப்படுவோரின் சம்மதத்தில் நிற்கிறது என்று வாதிட்ட ஜான் லாக்கின் நூலும் வெளிவந்தது. லாக்கின் தத்துவத்தில் சம்மதமும் சொத்தும் பின்னிக் கிடந்தன. சென்னைக்கு வந்து சேர்ந்தது அந்தப் பின்னலில் வரி என்ற இழை மட்டும்.

மிராசு

இந்தப் புறநகர் ஊர்களின் அரசியலைப் புரிந்துகொள்ள மிராசை, அதாவது ஊர் நிலத்தில் பரம்பரையாக வரும் பங்குரிமையை, விட்டுவிட முடியாது. 1763இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு ஊர் ஊராக அளந்து, யாருக்கு எவ்வளவு பங்கு, எவ்வளவு மானியம் என்று பதிந்தார். 1790களில் கலெக்டர் லயனல் பிளேஸ் மிராசுதார்களின் சலுகைகளில் கைவைத்தபோது, பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதார்களும் மனு எழுதியும் ஊரைக் காலிசெய்துகொண்டு போயும் எதிர்த்து நின்றார்கள். வரலாற்றாசிரியர் யூஜின் இர்ஷிக் இந்த மோதலை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அதிகாரத்தை எதிர்த்துக் கூட்டாகப் பேசும் பழக்கத்தின் பதிவு என்று இதைப் படிக்கலாம். பேசியவர்கள் பங்குக்காரர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மிராசு உரிமையைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு எஃப்.டபிள்யூ.எல்லிஸ், சங்கரய்யாவின் துணையோடு எழுதிய விடைகள் 1818இல் அச்சேறின. அந்த உரிமை பழைமையின் முத்திரையோடு நிலைபெற்றது.

அது தரையில் எப்படி வேலை செய்தது என்பதை 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கை காட்டுகிறது. தரிசு நிலம் கேட்டுப் பறையர் ஒருவர் தர்க்காஸ்து என்னும் விண்ணப்பம் கொடுத்தால், அதே நிலத்துக்கு முன்னுரிமை கேட்டு மிராசுதார் வந்து நிற்பார். நிலம் அவருக்குப் போகும், அல்லது தரிசாகவே கிடக்கும். சேரியில் குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையது. முறைத்துக்கொண்டால் கூரைக்கே ஆபத்து. அறிக்கையின் விளைவாக 1892 செப்டம்பர் 30 அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அதன் வழி ஒதுக்கப்பட்டது. குடியிருக்கும் மனைகூடத் தனக்கில்லாத ஒருவர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது. வாக்குரிமைக்கு முன்னால் பட்டா வர வேண்டியிருந்தது.

வரி கட்டியவரின் வாக்கு

ரிப்பன் பிரபு 1882 மே 18 அன்று உள்ளாட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். நிர்வாகம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, மக்களுக்கு அரசியல் பயிற்சி கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1884ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்று மூன்று அடுக்கு அமைத்தது. அதே ஆண்டு மே மாதம் சென்னை மகாஜன சபை தோன்றியது. அதற்கும் முன்பே, 1852இல், கஜுலு லட்சுமிநரசு செட்டி சென்னைச் சுதேசி சங்கத்தைத் தொடங்கி, வரி வசூலுக்காகக் குடிகளைச் சித்திரவதை செய்வதை பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை கொண்டுபோயிருந்தார்.

இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் 1823 முதல் 1858 வரை பணிபுரிந்த ஜான் ஸ்டூவர்ட் மில், 1861இல் பிரதிநிதித்துவ ஆட்சி பற்றி நூல் எழுதினார். பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்ற அவர், படித்தவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கு தரலாம் என்றார். இந்தியாவைப் போன்ற நாடுகள் தன்னாட்சிக்கு இன்னும் பக்குவப்படவில்லை என்றார். ஒரு வேதமும் பாஷ்யமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும் என்ற உத்திரமேரூர் விதிக்கும் இதற்கும் இடையே ஒன்பது நூற்றாண்டு. நிலத்துக்கு ஈடாகக் கல்வியை நிறுத்தும் மனம் இரண்டிலும் ஒன்றுதான்.

மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920 நவம்பரில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. நான்கு கோடிப் பேர் வாழ்ந்த மாகாணத்தில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 12 லட்சத்து 48 ஆயிரம் பேர். நிலவரியோ, வருமான வரியோ, நகராட்சி வரியோ குறித்த அளவுக்குக் கட்டியவர்கள் இவர்கள். நீதிக்கட்சி ஆட்சி அமைத்தது. 1921இல் அதே தகுதிகளோடு பெண்களுக்கும் வாக்களிக்கச் சட்டமன்றம் முடிவு செய்தது. 1927இல் முத்துலட்சுமி ரெட்டி உறுப்பினராகித் துணைத்தலைவரும் ஆனார். வரி என்ற வேலி அப்படியே நின்றது. விருதுநகர் நகராட்சித் தேர்தலில் நிற்கக் காமராஜருக்கு வரி கட்டும் தகுதி இல்லாததால் முத்துராமலிங்கத் தேவர் ஓர் ஆட்டை அவர் பெயரில் வாங்கி வரி கட்டினார் என்று தென்மாவட்டங்களில் இன்றும் சொல்வார்கள். அந்தக் கதையின் உண்மை எப்படியிருந்தாலும், மனிதன் தகுதி பெற அவன் பெயரில் ஒரு சொத்து வேண்டும் என்ற காலத்தை அது சரியாகப் பிடித்து வைத்திருக்கிறது.

வேலியை அசைத்தவர்கள் சட்டம் எழுதியவர்கள் மட்டுமல்லர். செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று 1924இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பிறகு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்து ஒடுக்கப்பட்டோருக்கு வாக்குரிமை கேட்டார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்தது. சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்க வேண்டும், பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று அது தீர்மானித்தது. மக்களாட்சியின் தத்துவ மூலம் என்று ரூசோவையும் லாக்கையும் மட்டும் சொல்லி முடிப்பது நியாயமல்ல. பெயருக்குப் பின்னால் வால் இல்லாத, சமமான ஆள் என்ற கருத்து இந்த மாவட்டத்து மேடையில் தெளிவாகப் பேசப்பட்டிருக்கிறது.

ஊரா, ஆளா

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தைக் குறுகிய மனமும் சாதியும் தேங்கிய இடம் என்று கடுமையாகச் சாடி, தனிமனிதனையே அலகாகக் கொண்டதற்காக அரசியலமைப்பு வரைவைப் பாராட்டினார். பலர் கொதித்தார்கள். நவம்பர் 22 அன்று தமிழகத்தைச் சேர்ந்த கே.சந்தானம், கிராமப் பஞ்சாயத்துகளை அரசு அமைக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார். அதுவே 40ஆம் பிரிவு. இவ்விருவரில் ஒருவர் பக்கம் சாயத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ட்ரெமென்ஹீர் அறிக்கையைப் படித்தவருக்கு அம்பேத்கரின் சினம் புரியும். உத்திரமேரூர்ச் சுவரைப் படித்தவருக்குச் சந்தானத்தின் ஆசை புரியும். 326ஆம் பிரிவு வாக்கை ஆளுக்குக் கொடுத்த பிறகே பஞ்சாயத்து என்ற பழைய பாத்திரத்தில் புதிய உள்ளடக்கம் சேர்ந்தது. பௌத்த சங்கங்கள் கூட்ட நடைமுறைகளை அறிந்திருந்தன என்று 1949 நவம்பர் 25 அன்று நினைவூட்டியவரும் அம்பேத்கர்தான். அதே உரையில், அரசியலில் சமத்துவமும் வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வுமாக நெடுநாள் நீடித்தால் ஆபத்து என்று எச்சரித்தார். ஆவடித் தீர்மானத்தை அந்த எச்சரிக்கைக்கு ஆளுங்கட்சி தந்த மறுமொழியாக வாசிக்க இடம் உண்டு.

முதல் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கும் அதிகமானோர் பட்டியலில் இருந்தார்கள். எழுத்தறியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைத்தார்கள். வடமாநிலங்களில் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் சொல்லித் தன் பெயரைச் சொல்லாத பெண்கள் சுமார் 28 லட்சம் பேரின் பதிவைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நீக்கினார். கொடுமையாகத் தோன்றும் முடிவு. அடுத்த தேர்தலுக்குள் அவர்கள் தம் பெயரோடு வரத் தொடங்கினார்கள். இலங்கையில் 1931லேயே எல்லோருக்கும் வாக்கு வந்தது. ஆனால் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. வந்த வாக்கு வந்ததுதான் என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பதைத் தமிழர் அந்த மலைகளில் கற்றார்கள்.

வார்டும் ஏரியும்

1955க்குப் பின் இந்தப் பகுதி ஆளே மாறிப்போனது. 1949இல் டி.ஐ. சைக்கிள் ஆலை வந்திருந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. மிராசுக்கும் சேரிக்கும் சம்பந்தமில்லாத பல மாவட்டத்து ஆட்கள் குடியேறினார்கள். ஆனால் உள்ளாட்சி தடுமாறியது. சென்னை மாநகராட்சி 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமல் இருந்தது. அரசியலமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள் ஐந்தாண்டுக்குள் தேர்தல் என்று கட்டாயமாக்கிய பிறகும், 2016இல் முடிந்த நகர்ப்புற மன்றங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. 2019 ஜூனில் மாநகராட்சியான ஆவடி தன் முதல் மன்றத்துக்காக அதுவரை காத்திருந்தது. 48 வார்டுகளின் அந்த மன்றத்தில் மேயர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பூந்தமல்லி சட்டமன்றத் தொகுதியும் இன்று தனித் தொகுதி. பார்னார்டின் பதிவேட்டில் பங்குக்காரர் வரிசையில் இடம் இல்லாதவர்களின் வழித்தோன்றல்களுக்கு இதுவரை கிடைத்த பேச்சிடங்கள் இவை.

அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னையோடு சேர்ந்தது. அது ஏழாம் மண்டலமானது. 79 முதல் 93 வரை 15 வார்டுகள். தனி மன்றம் போய், பெரிய மன்றத்தில் ஒரு மூலை கிடைத்தது. ஏரிகளின் நிலை இன்னும் மோசம். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்க அங்குள்ளவர்கள் பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டியிருந்தது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்தபோது, எவ்வளவு, எப்போது என்பதில் எந்த உள்ளாட்சிக்கும் சொல் இல்லை. ஏரி வாரியத்தின் ஆறு பேர் கால்வேலிக்காரர்கள்தான். இருந்தும் அடுத்த ஆண்டு ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள். எல்லோருக்கும் வாக்கு உள்ள காலத்தில் அந்தக் கணக்கைக் கேட்கும் அதிகாரம் வார்டுக்கு ஏன் இல்லை என்று கேட்பது பழம்பெருமை பேசுவதாகாது.

திருவள்ளூர் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. தேர்தல் நடத்தாமல் தனி அலுவலர்களை அமர்த்தினார்கள். பூந்தமல்லி ஒன்றியத்தில், நசரத்பேட்டையிலும் செம்பரம்பாக்கத்திலும், மறுநாளிலிருந்து கிராம சபையில் எழும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர், கேட்பவர் வாக்களித்து அனுப்பிய ஆள் அல்லர்.